எடை வேறு, வீரியம் வேறு

வளர்ச்சிக் காரணியைத் தராசில் நிறுத்துப் பயனில்லை. அது புரதம். மடிப்பு கலைந்தாலும் எடை குறையாது, வீரியம் போய்விடும். உயிருள்ள செல்லிடம்தான் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்ட முறைகளில் நரம்பு ஆய்வாளர் ரீட்டா லெவி-மொன்டால்சினியுடையதைப் போல் அழகானது வேறில்லை என்பேன்.

எலியின் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் ஒட்டவைத்தால் நரம்புகள் கட்டுக்கடங்காமல் பெருகின. நரம்பை வளர்க்கும் காரணி எதையோ கட்டி சுரக்கிறது என்று ஊகித்தார். ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் கரு வளரப் பல நாள் காத்திருக்க வேண்டும். 1952-ல் கட்டி வளர்ந்த இரண்டு எலிகளோடு அமெரிக்காவிலிருந்து ரியோ டி ஜெனிரோவுக்குப் பறந்தார். ஹெர்தா மேயரின் திசு வளர்ப்புக்கூடம் அங்கிருந்தது. கோழிக் கருவின் நரம்புக்கணு ஒன்றையும் கட்டியின் துணுக்கையும் பக்கம் பக்கமாக வளர்த்தார்கள். ஒரே நாளில் கணுவைச் சுற்றிச் சூரியக் கதிர்கள்போல் நரம்பிழைகள் கிளம்பின.

அந்த ஒளிவட்டமே அளவுகோலாயிற்று. அடர்த்தியைக் கண்ணால் பார்த்து மதிப்பெண் இட்டார்கள். இதில் ஒரு பொறி உண்டு: காரணி அளவுமீறினால் வட்டம் சுருங்கிவிடும். ஆகவே படிப்படியாக நீர்த்த கரைசல்களை வரிசையாகச் சோதிக்க வேண்டும்.

1953-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உயிர்வேதியியலாளர் ஸ்டான்லி கோஹன் அவருடன் சேர்ந்தார். காரணி நியூக்ளிக் அமிலமா என்றறிய, கட்டியின் சாற்றிலுள்ள அவ்வமிலங்களைச் சிதைக்கப் பாம்பு விஷம் சேர்த்துப் பார்த்தார்கள். விஷத்திலிருக்கும் நொதி அதைச் செய்யும். வட்டம் மறைவதற்குப் பதில் பெருத்தது. விஷத்தை மட்டும் இட்ட தட்டிலும் அதே வட்டம்! கட்டியைவிட விஷத்தில்தான் காரணி மிகுதி. விஷம் சுரப்பது உமிழ்நீர்ச் சுரப்பியின் உறவு உறுப்பு என்பதால் ஆண் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியைத் தேடினார்கள். அங்கும் கொட்டிக் கிடந்தது.

இந்தப் பொருளால் என்ன முடியும் என்பதைக் கண்ணாடித் தட்டு சொல்லும். உடலுக்கு அது தேவையா என்பதை விலங்குதான் சொல்லும். காரணியை முடக்கும் எதிர்ப்புச் சீரத்தைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்கு ஊசி போட்டபோது, அவற்றின் பரிவு நரம்புக்கணுக்கள் ஏறக்குறைய அழிந்தே போயின.

சுரப்பிச் சாறு செலுத்திய குஞ்சுகளிடம் கோஹன் இன்னொன்றைக் கவனித்தார். திறக்க இரண்டு வாரம் ஆகவேண்டிய இமைகள் ஒரே வாரத்தில் திறந்தன. பற்களும் முந்தி முளைத்தன. நரம்பு வளர்ச்சிக் காரணியால் அது ஆகாது. இமை திறக்கும் நாளையே அளவுகோலாக்கி, அதற்குக் காரணமான புரதத்தைப் பிரித்தெடுத்தார். 1962-ல் வந்த ஆய்வுக்கட்டுரையின் தலைப்பு பல் முளைப்பதையும் இமை திறப்பதையுமே சொன்னது. மேல்தோல் வளர்ச்சிக் காரணி என்ற பெயர் பிறகுதான் நிலைத்தது.