இணையத்தளம் திறவாமை

இணையத்தளம் திறவாமை என்பது, அதுவரை இயல்பாகத் திறந்துவந்த ஓர் இணையத்தளம் உலாவியில் திடீரெனத் தோன்றாமற் போவதைக் குறிக்கும். பழுது பயனரின் கணினியிலோ, இணைய இணைப்பிலோ, இணையச் சேவை வழங்குநரிடமோ, தளத்தின் வழங்கியிலோ இருக்கலாம். சில வேளைகளில் பழுது எதுவும் இன்றி, ஓர் ஆணையின் பேரில் தளம் தடுக்கப்பட்டிருக்கவும் கூடும். இவை யாவும் பயனரின் திரையில் ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றுவதால், தொடர் எங்கே அறுந்துள்ளது எனக் கண்டறிவதே பழுதறிதலின் பெரும்பகுதி ஆகும்.

பக்கம் திறக்கும் முறை

பழனியை அடுத்த பாலசமுத்திரத்தில் ஒரு மாணவர் பொதுத்தேர்வு முடிவைக் காண ஒரு தளத்தின் முகவரியைத் தட்டச்சு செய்வதாகக் கொள்வோம். முதலில் அவருடைய உலாவி, டி.என்.எஸ் எனப்படும் ஆள்களப் பெயர் முறைமையை வினவி, அப்பெயருக்குரிய எண் முகவரியைப் பெறுகிறது. அடுத்து அந்த எண்ணில் உள்ள வழங்கியுடன் இணைப்பை ஏற்படுத்துகிறது. பின்னர் வழங்கி காட்டும் சான்றிதழைச் சரிபார்த்து, மறையீட்டுத் தொடர்பைத் தொடங்குகிறது. இவை முடிந்த பின்னரே பக்கத்தைத் தருமாறு கேட்கிறது. நான்கு படிகளும் சீராக நடந்தால் ஒரு நொடிக்கும் குறைவான நேரமே ஆகும். ஏதேனும் ஒன்று தவறினாலும் பக்கம் வராது.

பிழைச்செய்தி

எந்தப் படி தவறியது என்பதை உலாவி பெரும்பாலும் சொல்லிவிடுகிறது. ஆனால் அச்செய்தியை வாசிப்போர் குறைவு. தளத்தின் முகவரியைக் கண்டறிய முடியவில்லை என்று வந்தால் தவறு முதற்படியில் உள்ளது. இணைப்பு மறுக்கப்பட்டது, அல்லது பதில்வர அதிக நேரம் ஆகிறது என்று வந்தால் பெயர் கிடைத்துவிட்டது, வழங்கியை எட்ட முடியவில்லை என்று பொருள். இணைப்பு பாதுகாப்பானது அன்று என வந்தால் சான்றிதழில் சிக்கல்.

மூன்றிலக்க எண் வந்தால் வழங்கி உயிருடன் இருந்து பதில் அளித்துள்ளது என அறியலாம். 404 என்பது கேட்ட பக்கம் அங்கு இல்லை என்பதையும், 403 என்பது அனுமதி இல்லை என்பதையும் குறிக்கும். 500 முதலான எண்கள் வழங்கியின் பக்கத்துக் கோளாறுகள். தேர்வு முடிவு வெளியாகும் காலையில் இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் நுழையும்போது தோன்றும் 503, வழங்கியால் அப்போதைக்கு ஏற்க இயலவில்லை என்பதற்கான அறிவிப்பாகும். அந்நிலையில் மாணவர் தம் கைப்பேசியை அணைத்து ஏற்றுவதால் பயன் இல்லை. விடாமல் புதுப்பித்துக் கொண்டிருப்பது நெரிசலைக் கூட்டவே செய்யும். தமிழ்நாட்டில் முடிவுகள் பதிவு செய்யப்பட்ட கைப்பேசி எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகவும், டிஜிலாக்கர் வழியாகவும் வழங்கப்பட்டு வருவதால் அவற்றை நாடுவது மேல்.

இடத்தைக் குறுக்குதல்

முதலில் வேறு இரண்டு தளங்களைத் திறந்து பார்க்க வேண்டும். எதுவுமே திறக்கவில்லை எனில் பழுது இணைப்பில் உள்ளது; மோடத்தை அணைத்து அரை நிமிடம் கழித்து ஏற்றுவது இங்கு பொருத்தமானது. ஒரு தளம் மட்டும் திறக்கவில்லை எனில், அதே தளத்தைக் கைப்பேசியில் அருகலையை அணைத்துவிட்டு, கைப்பேசி நிறுவனத்தின் தரவு இணைப்பில் பார்க்க வேண்டும். அங்கு திறந்தால் தளம் நலமாக உள்ளது. குறை கணினியிலோ வீட்டு இணைப்பிலோ இருக்கிறது. அங்கும் திறக்காவிடில் தளத்தின் பக்கமே தவறு இருக்க வாய்ப்பு மிகுதி.

கணினியில்தான் குறை எனத் தெரிந்தால், வேறொரு உலாவியிலோ, உலாவியின் மறைநிலைச் சாளரத்திலோ தளத்தைத் திறக்கலாம். மறைநிலையில் பழைய நினைவிகள் பயன்படுவதில்லை. நீட்சிகளும் பொதுவாக இயங்குவதில்லை. அதில் திறந்தால் அத்தளத்துக்குரிய நினைவிகளை மட்டும் நீக்கினால் போதும். உலாவியில் உள்ள அனைத்தையும் அழிக்குமாறு எடுத்த எடுப்பிலேயே சொல்லப்படும் அறிவுரை நல்லதன்று. சேமித்த கடவுச்சொற்களும் அதனுடன் போய்விடக்கூடும். பழுதின் காரணமும் தெரியாமலே மறைந்துவிடும்.

பெயர் முறைமைக் கோளாறுகள்

டி.என்.எஸ்சேஞ்சர் என்னும் தீநிரல் பல இலட்சம் கணினிகளின் அமைப்புகளை மாற்றி, அவற்றின் வினவல்களைக் குற்றக் கும்பல் ஒன்றின் வழங்கிகளுக்குத் திருப்பியது. 2011 நவம்பரில் அக்கும்பல் பிடிபட்டபின், அமெரிக்க நீதிமன்ற அனுமதியுடன் மாற்று வழங்கிகள் சில மாதங்கள் இயக்கப்பட்டன. 2012 ஜூலை 9 அன்று அவை நிறுத்தப்பட்டதும், அதுவரை சரிசெய்யப்படாத கணினிகளில் இணைப்பு இருந்தும் தளங்கள் திறக்கவில்லை. பெயரை எண்ணாக மாற்றித்தர ஆள் இல்லாமற் போனதே காரணம். இத்தகைய நிலையில் டி.என்.எஸ் முகவரியை 8.8.8.8 அல்லது 1.1.1.1 போன்ற பொது வழங்கிக்கு மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை ஆகும்.

எனினும் இச்சோதனை எல்லா வேளையிலும் உதவாது. 2021 அக்டோபர் 4 அன்று இந்திய நேரப்படி இரவு ஒன்பது மணிக்குப் பின் பேஸ்புக், வாட்சாப், இன்ஸ்டாகிராம் ஆகியவை உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் நின்றன. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டித்தது. அதன் பெயர் வழங்கிகளுக்குச் செல்லும் வழிகளும் உலக இணையத்திலிருந்து விலக்கப்பட்டன. எந்தப் பொது வழங்கியை வினவினாலும் விடை கிடைக்கவில்லை. அன்றிரவு தம் கைப்பேசியைக் குறைகூறியோர் பலர்.

சான்றிதழும் கடிகாரமும்

சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உலாவி அவற்றைக் கணினியின் கடிகாரத்துடன் ஒப்பிடுகிறது. பழைய மேசைக்கணினிகளில் தாய்ப்பலகையில் உள்ள காசு வடிவ மின்கலம் தீர்ந்துவிட்டால், ஒவ்வொரு முறை அணைத்து ஏற்றும்போதும் தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். அப்போது சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை என உலாவி கருதும். பெரும்பாலான தளங்கள் ஒரேயடியாகத் திறக்காமல் நின்றால், மற்ற எதையும் தொடுமுன் தேதியைப் பார்ப்பது நன்று. இம்மூன்று வோல்ட் மின்கலத்தின் விலை மிகச் சிறிது.

2021 செப்டம்பர் 30 அன்று வேறு விதமாக இது நிகழ்ந்தது. லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பின் சான்றிதழ்கள் சார்ந்திருந்த பழைய மூலச் சான்றிதழ் ஒன்று காலாவதியானது. புதுப்பிக்கப்படாத மாக் கணினிகள், பழைய ஐபோன்கள் ஆகியவற்றில் பல தளங்கள் திறக்கவில்லை. அதே மாக் கணினியில் பயர்பாக்ஸ் உலாவி மட்டும் திறந்தது. அது இயக்குதளத்தின் பட்டியலை நம்பாமல் தனக்கென மூலச் சான்றிதழ்ப் பட்டியல் வைத்திருப்பதே காரணம். சான்றிதழ் எச்சரிக்கையைக் கடந்து செல்லும் பொத்தானை வங்கித் தளங்களில் ஒருபோதும் அழுத்தலாகாது.

கடலடி வடங்கள்

2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே இரண்டு கடலடி வடங்கள் அறுந்தன. அவற்றுள் ஒன்று சென்னையிலும் கரையேறும் சீ-மீ-வீ 4 ஆகும். இந்தியாவிலிருந்து ஐரோப்பா, அமெரிக்கத் தளங்களை அணுகுவது கடினமாயிற்று. உள்நாட்டு வழங்கிகளில் இருந்த தளங்கள் இயங்கின.

தடை

தளம் ஒரு சேவை வழங்குநரிடம் மட்டும் திறக்காமல் மற்றொருவரிடம் திறந்தால், தடை இருக்கலாம் என ஐயுறலாம். இந்தியாவில் தடை ஆணைகள் மத்திய அரசிடமிருந்தோ நீதிமன்றத்திடமிருந்தோ வருகின்றன. செயற்படுத்துவோர் சேவை வழங்குநர்கள். 2006 ஜூலையில் ஏறத்தாழ இருபது பக்கங்களைத் தடுக்கச் சொன்ன ஆணையின் விளைவாக, பல வழங்குநர்கள் பிளாக்ஸ்பாட் முழுவதையும் தடுத்தனர். அக்காலத்தில் தமிழ் வலைப்பதிவுகள் பலவும் அங்கேயே இருந்தமையால் அவையும் சில நாட்கள் திறக்கவில்லை.

2012 இல் 3 என்னும் தமிழ்த் திரைப்படத்தின் திருட்டுப் படிகளுக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றம் அளித்த ஆணையைத் தொடர்ந்து, மே மாதத்தில் விமியோ, டெய்லிமோஷன் போன்ற முழுத் தளங்களும் சில வழங்குநர்களிடம் மறைந்தன. குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என நீதிமன்றம் ஜூன் மாதத்தில் தெளிவுபடுத்தியது. 2017 ஆகஸ்டில் அதே நீதிமன்றத்தின் வேறு ஆணைகளால் தடுக்கப்பட்ட 2,600 க்கும் மேற்பட்ட தளங்களில், பழைய இணையப் பக்கங்களைப் பாதுகாக்கும் இணைய ஆவணகமும் சேர்ந்திருந்தது.

அப்போது ஆவணகத்தின் எச்.டி.டி.பி முகவரி தடுக்கப்பட்டிருந்தும் எச்.டி.டி.பி.எஸ் முகவரி திறந்தது. மறையீடு இல்லாத வேண்டுகோளை இடையில் வாசித்து, அதற்குப் பதிலாகத் தடை அறிவிப்பை அனுப்ப வழங்குநரால் முடியும். மறையீடு செய்யப்பட்டதில் அவ்வாறு எழுதிச் செருக இயலாது. ஆயினும் மறையீட்டுத் தொடர்பின் தொடக்கத்தில் தளத்தின் பெயர் பொதுவாக வெளிப்படையாகவே செல்வதால், அதைக் கண்டு இணைப்பை முறிக்கும் முறை பின்னர் வழக்கிற்கு வந்தது. அதில் அறிவிப்பு எதுவும் தோன்றாது. இணைப்பு முறிந்தது என்று மட்டுமே உலாவி காட்டும். பழுதிலிருந்து தடையைப் பிரித்தறிவது பயனருக்கு மிகக் கடினம். சட்டக் காரணத்தால் பக்கம் தரப்படவில்லை என்பதை வெளிப்படையாகத் தெரிவிக்க 451 என்னும் எண் 2016 இல் தரப்படுத்தப்பட்டது. ரே பிராட்பரியின் நூல் எரிப்பைப் பற்றிய புதினத்தின் பெயரை நினைவூட்டும் வகையில் அவ்வெண் தேர்ந்தெடுக்கப்பட்டது.