குழந்தைகளுடன் அந்தமானுக்கு

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்றால் பெரும்பாலும் ஒரே பொருள்தான்: ஊருக்குப் போவது. தில்லியிலோ, கொல்கத்தாவிலோ, நாகபுரியிலோ அலுவல் பார்ப்பவர் ஆண்டெல்லாம் சேர்த்து வைத்த விடுப்பு, தாத்தா பாட்டி வீட்டிலும், உறவினர் திருமணங்களிலும், குலதெய்வத்தின் சந்நிதியிலுமாகச் செலவாகி விடுகிறது. அது நல்ல வழக்கமே. ஆயினும் குழந்தைகள் சிறுவராக இருக்கும் பருவத்திலேயே, கடலையும் காட்டையும் அருகருகே ஒரு முறையேனும் காட்டிவிட வேண்டும் என்ற ஆசை பல பெற்றோருக்கு உண்டு. அவ்வாசைக்கு ஏற்ற இடங்களுள் ஒன்று அந்தமான்.

மத்திய அரசு ஊழியருக்கு அதில் மற்றொரு கவர்ச்சியும் உண்டு. சொந்த ஊர் செல்வதற்குரிய விடுப்புப் பயணச் சலுகையை அந்தமான் செல்வதற்கு மாற்றிக் கொள்ள, அரசு விதிகளைத் தளர்த்தி, அத்தளர்வை அவ்வப்போது நீட்டித்து வந்திருக்கிறது. புறப்படுமுன் அன்றைய விதி யாதென்று அலுவலகத்தில் எழுத்து மூலம் தெரிந்து கொள்வது நன்று. ஆனால் இச்சலுகைக்கு ஒரு விலையும் உண்டு. தீவுக்குச் சென்ற முறை ஊருக்குச் செல்ல வாய்ப்பில்லாமல் போகலாம். பேரக் குழந்தைகளின் வரவை எண்ணியிருக்கும் முதியவர்கள் அடுத்த விடுமுறை வரை காத்திருக்க நேரலாம். ஆதலால் இப்பயணம் எளிதில் திரும்பக் கிடைக்கும் ஒன்றன்று. அதை எப்படி அமைத்துக் கொள்வது என்பதே இங்கு ஆராயத்தக்க விஷயம்.

முடிவை முதலிலேயே சொல்லி விடலாம். ஐந்தாறு வயதுக் குழந்தைகளுடன் ஐந்தாறு நாட்களுக்குச் செல்வோர் ஒரு நகரம், ஒரு தீவு, நாளொன்றுக்கு ஒரு காட்சி என்ற அளவில் நிற்பது உத்தமம். பெரியவர்களுக்கென்று வகுத்த பட்டியலைக் குழந்தைகளின் தலையில் ஏற்றினால், படகுத் துறைகளும் வாகனங்களும்தான் அவர்கள் நினைவில் எஞ்சும். இப்படிச் சொல்வதற்குரிய காரணங்கள் அத்தீவுகளின் இயற்கையிலேயே அமைந்திருக்கின்றன.

முதற் காரணம் சூரியன். சென்னையிலிருந்தோ கொல்கத்தாவிலிருந்தோ ஏறத்தாழ 1,300 கி.மீ. தொலைவில், கிழக்குத் தீர்க்க ரேகை 93 பாகையை ஒட்டி அந்தமானின் தலைநகர் அமைந்துள்ளது. இந்தியா முழுவதற்கும் பொதுவான நேரமோ 82½ பாகைக்கு உரியது. ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்கிட்டால், அங்கே சூரியன் நம் கடிகாரத்தைவிட 40 நிமிடத்துக்கு மேல் முந்திக் கொள்கிறான். தில்லியோடு ஒப்பிட்டால் உச்சிப்பொழுது ஒரு மணி நேரம் முன்னதாக வந்துவிடும். டிசம்பரில் மாலை 5 மணியளவில் அந்தி சாய்ந்துவிடுகிறது. ஆகவே காலை 6 மணிக்கெல்லாம் கடற்கரையில் இருந்து, 9 மணிக்கு நிழலுக்குத் திரும்பி, பிற்பகல் 3 மணிக்கு மீண்டும் வெளியே செல்வதே அங்கு பொருந்தும் ஒழுங்கு. இரவு உணவையும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளிவிட்டால், பசியாலும் தூக்கத்தாலும் வரும் அழுகை பெரும்பாலும் இராது.

இரண்டாவது காரணம் காற்றும் மழையும். தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று ஆகிய இரண்டும் இத்தீவுகளுக்கு மழை தருகின்றன. மே முதல் நவம்பர் வரை மழைக்காலம் என்றே கொள்ளலாம். டிசம்பர் பிற்பகுதி முதல் ஏப்ரல் வரை கடல் ஓரளவு அமைதியாயிருக்கும். ஆயினும் வானிலை கெட்டால் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல்கள் எந்த மாதத்திலும் நிறுத்தப்படலாம். எனவே சிறு தீவிலிருந்து தலைநகருக்குத் திரும்பும் நாளும், அங்கிருந்து விமானம் ஏறும் நாளும் ஒன்றாக இருத்தல் கூடாது. இடையில் ஓர் இரவு வேண்டும். அந்த ஓர் இரவைச் சிக்கனம் செய்வோர் விமானச் சீட்டையே இழக்க நேரிடும்.

பெயர்களைப் பற்றியும் ஒரு சொல். போர்ட் பிளேர் என்று நாம் படித்த நகருக்கு 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டப்பட்டது. 2018-இல் ஹேவ்லாக் தீவு சுவராஜ் தீவு என்றும், நீல் தீவு ஷஹீத் தீவு என்றும், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்றும் பெயர் மாற்றம் பெற்றன. 1943 டிசம்பர் 30-ஆம் நாள் நேதாஜி அங்கே மூவண்ணக் கொடியை ஏற்றியதன் நினைவாகச் செய்யப்பட்டது இது. மக்கள் பேச்சில் பழைய பெயர்களும் வழங்குவதால், இரண்டையும் அறிந்திருப்பது நல்லது.

தலைநகருக்கு அடுத்து எந்தத் தீவைத் தேர்ந்தெடுப்பது? சிறு குழந்தைகளுக்கு நீல் தீவு, அதாவது ஷஹீத் தீவு, மிகப் பொருந்தும். தலைநகரிலிருந்து கப்பலில் சுமார் இரண்டு மணி நேரம். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் காய்கறி பயிரிடும் சமதரையான சிறு தீவு அது. ஒரு துறையிலிருந்து மற்றொரு துறைக்குச் செல்லச் சில நிமிடங்களே ஆகும். பரத்பூர் கடற்கரையில் நீர் வெகு தூரம் வரை ஆழமின்றி இருக்கிறது. கண்ணாடித் தளமிட்ட படகில் அமர்ந்து, நனையாமலே பவளப் பாறைகளையும் வண்ண மீன்களையும் குழந்தைகள் காணலாம். கப்பலில் செல்கையில் நடுப்பகுதியில் அமர்ந்து தொடுவானத்தை நோக்கியிருந்தால் குமட்டல் குறையும். வயிறு நிறைய உண்டுவிட்டு ஏறுவது கூடாது.

கடலில் இறங்குமுன் ஓதத்தின் நேரத்தை அவ்வூராரிடம் கேட்டறிய வேண்டும். நாளில் இரு முறை நீர் ஏறி, இரு முறை வடிகிறது. அந்நேரம் நாள்தோறும் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துகிறது. நீர் ஏறியிருக்கும்போது குளம் போலத் தோன்றும் இடம், வடிந்தபின் கூரிய பாறைகளாகக் காட்சியளிக்கும். வடிந்த வேளை குளிப்பதற்கு ஆகாது. ஆனால் பாறைக் குழிகளில் தங்கிய நீரில் நண்டையும் மீன் குஞ்சையும் பார்ப்பதற்கு அதைவிடச் சிறந்த வேளை இல்லை. காலில் ரப்பர்ச் செருப்பு இருத்தல் அவசியம்.

அச்சுறுத்துவதற்காக அன்றி, எச்சரிக்கைக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தமானின் ஓடைகளிலும், அலையாத்திக் காடுகளிலும், அவற்றை ஒட்டிய கரைகளிலும் உவர்நீர் முதலைகள் உண்டு. 2010-இல் சுவராஜ் தீவின் புகழ்பெற்ற ராதாநகர் கடற்கரைக்கு அருகே ஒரு பயணி முதலைக்கு இரையானார். எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்திலும், ஓடை கடலில் கலக்கும் முகத்திலும், அந்தி சாய்ந்த பிறகும் நீரில் இறங்கலாகாது. காவலர் அனுமதிக்கும் எல்லைக்குள் மட்டுமே குளிக்க வேண்டும். மணல் ஈக்களின் கடி உயிருக்கு ஊறு செய்வதன்று. ஆனால் குழந்தைகளின் மெல்லிய தோலில் பல நாள் அரிக்கும். காலையும் மாலையும் முழுக்கை ஆடையும், வெறும் மணலில் படுக்காதிருப்பதும் தக்க காப்பு. சிறு தீவுகளில் சாதாரண மருத்துவ உதவியே கிடைக்கும். பெரிய மருத்துவமனை தலைநகரில்தான் உள்ளது. குழந்தைக்கு வழக்கமாகத் தரும் மருந்துகளை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்க.

குழந்தைகள் கடற்கரையில் முதலில் செய்வது கிளிஞ்சல் பொறுக்குவதுதான். இங்கே பெற்றோர் சற்று உறுதியாயிருக்க வேண்டும். பவளங்களும் சிலவகைச் சங்குகளும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்டவை. அவற்றைக் கொண்டு செல்வது குற்றம். விமான நிலையச் சோதனையில் அவை பறிமுதலாகும். ஆயினும் சட்டத்தைக் காட்டி மிரட்டுவதைவிட, காரணத்தை விளக்கினால் குழந்தை மகிழ்ந்து கேட்கும். பவளம் கல்லன்று; கண்ணுக்கு அரிதில் புலப்படும் சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய சுண்ணாம்பு மாளிகை. ஒரு சாண் அளவுக்கு வளரப் பல ஆண்டுகள் ஆகலாம். கிளிமீன் என்னும் மீன் அந்தப் பவளத்தைக் கொறித்துத் தின்று, அரைபட்ட சுண்ணாம்பை மணலாகக் கழிக்கிறது. நம் காலடியிலுள்ள வெண்மணலில் ஒரு பங்கு அவ்வாறு வந்ததே. வெறுமையாகக் கிடக்கும் சங்கும் வீண் பொருளன்று. உடலின் பின்பகுதியில் ஓடில்லாத சிறு நண்டொன்று அதனுள் புகுந்து குடியிருக்கும். வளர வளரப் பெரிய சங்கைத் தேடி வீடு மாறும். நாம் ஒரு சங்கை எடுத்து வந்தால் ஒரு நண்டுக்கு வீடில்லாமல் போகும். இதைக் கேட்ட குழந்தை, கையிலெடுத்த சங்கைத் தானே மணலில் வைத்துவிடும்.

தலைநகரில் ஒரு நாள் போதும். 1896-இல் தொடங்கி 1906-இல் முடிந்த செல்லுலார் சிறையைக் காணாமல் திரும்புவது முறையன்று. நடுக் கோபுரத்திலிருந்து சக்கரத்தின் ஆரங்களைப் போல ஏழு வரிசைகள் கட்டப்பட்டன. இன்று மூன்றே எஞ்சியுள்ளன. ஒருவர்க்கு ஓர் அறை. ஓர் வரிசையின் முகப்பு மற்றொன்றின் முதுகை நோக்கும். கைதிகள் ஒருவரோடொருவர் பேசக் கூடாதென்பதே அவ்வமைப்பின் நோக்கம். மாடு இழுக்கும் செக்கை மனிதர் இழுத்தனர். 1933-இலும் 1937-இலும் அவர்கள் உண்ணாவிரதம் இருந்தனர். இவற்றையெல்லாம் ஆறு வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது? தூக்குமேடையைத் தவிர்த்துவிட்டு, ஓர் அறையுள் நிறுத்தி, “இங்கே பேச யாரும் இல்லாமல் இருந்தார்கள்” என்று மட்டும் சொன்னால் போதும். இரவில் நடக்கும் ஒலி ஒளிக் காட்சியைப் பெரிய பிள்ளைகளுக்கு என்று வைத்துக் கொள்ளலாம்.

பாராடாங் சுண்ணாம்புக் குகைகளுக்குச் செல்லும் நெடுஞ்சாலை ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காட்டினூடே செல்கிறது. அம்மக்கள் 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காக்கப்பட்டவர்கள். அவர்களைப் படமெடுப்பதும் அணுகுவதும் தண்டனைக்குரியவை. விடியுமுன் புறப்பட்டுக் காவலுடன் செல்ல வேண்டிய அந்த நெடும்பயணம் சிறு குழந்தைகளுக்கு ஏற்றதன்று. அதை விட்டுவிடுவதால் குறையொன்றும் இல்லை.

இனி, நம்மவர்க்கே உரிய ஒரு பயன் உண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அத்தீவுகளில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். பிழைப்பு நாடிச் சென்றவர்களும், பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து சேர்ந்தவர்களும் அவருள் அடங்குவர். அங்கே வங்காளியும், தெலுங்கரும், மலையாளியும், தமிழரும் ஒரே கடைத்தெருவில் பொதுவாக இந்தி பேசி, வீட்டுக்குள் தத்தம் மொழிக்குத் திரும்புகிறார்கள். பள்ளியில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று வளரும் நம் குழந்தைகள், தங்களைப் போலவே வளரும் பிள்ளைகளை அங்கே காண்பார்கள். வீட்டுத் தமிழ் வெட்கப்படத் தக்கதன்று என்பதை இதைவிட எளிதாக எந்தப் பாடமும் கற்பிக்காது.

கடைசியாக, முதியவர்களின் ஏக்கத்துக்கும் ஒரு வழி உண்டு. சென்னை வழியாகப் பயணத்தை அமைத்துக் கொண்டு, திரும்பும்போது இரண்டு நாளேனும் ஊரில் தங்கலாம். உடல்நலம் இடந்தந்தால் தாத்தா பாட்டியையே உடன் அழைத்துச் செல்லலாம். அந்தக் கூடுதல் நாட்களுக்கும் பயணங்களுக்கும் ஆகும் செலவு நம்முடையதாக இருக்கலாம். ஆயினும் தீவிலே கண்ட நண்டின் கதையைப் பேரன் தன் வாயால், தமிழில், பாட்டிக்குச் சொல்வதைக் கேட்பதற்கு அச்செலவு தகும்.