தடங்கலின்றி ஓடும் படமும் சிக்கன வரைகலை அட்டையும்



அருப்புக்கோட்டையைக் கடந்து திருச்சுழிப் பக்கம் செல்பவர்கள், கருவேலங் காடுகளையும் வானம் பார்த்த மிளகாய்ப் புஞ்சைகளையும் கண்டிருப்பார்கள். அந்தச் சீமையிலுள்ள வீரசோழனில் என் தமக்கையார் வசிக்கிறார். 2020-இல் நோய்த்தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, தம் மகன் படிப்பதற்காகப் பழைய மேசைக் கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தார். முந்தைய ஆண்டு ஆகஸ்டு 26-இல் தொடங்கப்பெற்ற கல்வித் தொலைக்காட்சியின் பாடங்களை அவன் யூடியூபில் பார்ப்பான். ஆனால் ஆசிரியரின் குரல் முன்னே செல்ல, கரும்பலகை பின்னே நின்று நின்று வந்தது.

“நீ விவரம் அறிந்தவன், தம்பி, ஒரு வழி செய்” என்று, மிளகாய் விற்ற பணத்தில் மூவாயிரத்துச் சொச்சம் ரூபாயை என்னிடம் கொடுத்தார். நானும் மதுரைக்குச் சென்று, 2 ஜி.பி. நினைவகம் என்று பெட்டியின்மீது பெரிதாக அச்சிட்டிருந்த வரைகலை அட்டை ஒன்றை, அதாவது கடைக்காரர் மொழியில் கிராபிக்ஸ் கார்டை, வாங்கி வந்து பொருத்தினேன். படம் முன்போலவே நின்றது. “குரல் நன்றாகக் கேட்கிறது, மாமா” என்றான் பையன், என் மனம் நோகக்கூடாதென்று. தவறு என்னுடையது. நினைவகத்தைப் பார்த்தேனேயன்றி, பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை.

பார்க்க வேண்டியது எது? முழு உயர்தெளிவுப் படமொன்றில் குறுக்கே 1920 புள்ளிகளும் நெடுக்கே 1080 புள்ளிகளும் உள்ளன. ஆக, ஒரு படத்துக்கு 20,73,600 புள்ளிகள். நொடிக்கு 25 படங்கள் என்றால் ஐந்து கோடிக்கு மேல். ஒரு புள்ளியின் நிறத்தைக் குறிக்க 24 பிட்டுகள் வேண்டுமாதலால், நொடிக்கு ஏறத்தாழ 124 கோடி பிட்டுகள் ஆகின்றன. இவ்வளவையும் எந்தத் தொலைபேசிக் கம்பியும் வீரசோழனுக்குச் சுமந்து வராது. ஆகவே அதனைச் சுருக்கி, நொடிக்கு ஐம்பது லட்சம் பிட்டுகள் அளவில் அனுப்புகிறார்கள். கரும்பலகை அசைவதில்லை, ஆசிரியரின் கைதான் அசைகிறது. மாறியதை மட்டும் எழுதி, மாறாததை ‘மேற்படி’ என்று குறித்துவிடுவதே இதன் சூட்சுமம்.

இதைச் சுருக்கெழுத்துக்கு ஒப்பிடலாம். சுருக்கெழுத்தில் பல முறைகள் உண்டு. ஒரு முறையைக் கற்றவர் மற்றொன்றைப் படிக்க இயலாது. படச் சுருக்கத்திலும் அப்படியே. 2003-இல் எச். 264 என்னும் முறையும், 2013-இல் எச்.இ.வி.சி., வி.பி. 9 என்பனவும், 2018-இல் ஏ.வி. 1 என்பதும் வந்தன. வரைகலை அட்டைக்குள் இவற்றை விரிப்பதற்கென்றே தனிச் சுற்று ஒன்று உண்டு. வருகிற முறையை அது அறிந்திருந்தால் வேலை எளிதில் முடியும். அறியாவிடில் முழுச் சுமையும் மையச் செயலியின் தலையில் விழும். பழைய செயலி திணறும். நினைவகம் 2 ஜி.பி.யா, 4 ஜி.பி.யா என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை எனலாம்.

எனவே அட்டை வாங்குமுன் நோயை அறிதல் வேண்டும். வட்டம் சுழன்று படமும் குரலும் சேர்ந்தே நின்றால் குறை இணையத்தில். குரல் ஓடப் படம் மட்டும் தத்தினால் குறை பெரும்பாலும் விரிப்பதில். யூடியூப் படத்தின்மேல் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தி, தொழில்நுட்ப விவரங்களைக் கேட்டால், எந்த முறையில் படம் வருகிறதென்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் வந்தது வி.பி. 9; நான் வாங்கிய அட்டைக்குத் தெரிந்ததோ எச். 264.

இனி, தேர்வு. 2017-இல் வந்த ஜி.டி. 1030 என்னும் அட்டை எச். 264, எச்.இ.வி.சி., வி.பி. 9 மூன்றையும் அறியும். 30 வாட் மின்சாரமே போதும். 2016-இல் வந்த ஜி.டி. 710-க்கு வி.பி. 9 தெரியாது. பின்னால் வந்ததெல்லாம் அதிகம் கற்றது என்றும் கொள்ளலாகாது: 2022-இல் வந்த ஆர்.எக்ஸ். 6400 ஏ.வி. 1-ஐ அறியாது, அதே ஆண்டின் ஆர்க் ஏ 380 அறியும், ஆயினும் பழைய தாய்ப்பலகைகளுடன் அது எளிதில் ஒத்துப்போவதில்லை. இன்டெலின் ஏழாம் தலைமுறைச் செயலிகளிலோ, வரைகலைப் பகுதி உள்ளவையெல்லாம் வி.பி. 9-ஐத் தாமே விரிக்கும். அங்கே அட்டை வாங்குவது வீண் செலவு. 2011-இல் அரசு வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் இத்தகைய அட்டையைச் செருகவே இடமில்லை.

எங்கள் சங்கதி எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். எச்264இஃபை என்றொரு இலவசத் துணைநிரல் இருக்கிறது. அதை உலாவியில் சேர்த்தால், யூடியூப் எச். 264 முறையிலேயே படத்தை அனுப்பும். 1080 வரிசை வரை அது கிடைக்கும். சேர்த்தோம். அட்டைக்குத் தெரிந்த எழுத்து வந்தது. கரும்பலகை குரலோடு சேர்ந்து ஓடியது. அக்காளின் பணம் ஒருவாறு பிழைத்தது.

ஒன்று மறந்தேன். ஜி.டி. 1030-இல் பழைய வி.ஜி.ஏ. கம்பிக்குத் துளை கிடையாது. உங்கள் திரையின் பின்புறத்தை ஒரு முறை பார்த்துவிட்டுக் கடைக்குப் புறப்படுங்கள்.