சர்வரின் எல்லைகள்

பரீட்சை முடிவுகள் வெளியாகும் தினத்தில் கல்லூரியின் வலைத்தளம் பதிலிறாது நின்றுவிடுதலை நம்மிற் பலர் கண்டிருப்பர். அவ்வேளையில் சர்வரைச் சோதிப்போர், நினைவகம் பாதிக்குமேல் காலியாயிருக்கவும், சிபியு சும்மா இருக்கவும் கண்டு திகைப்பதுண்டு. மண்டபத்தில் ஆசனங்கள் காலியாயிருக்க, வாயிலில் கொடுக்கும் சீட்டுகள் தீர்ந்துபோன கதையே இது.

அச்சீட்டுகள் யாவை எனின், லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு ப்ராசஸ் திறக்கும் ஒவ்வொரு கோப்பிற்கும் கெர்னல் ஓர் எண்ணை அளிக்கின்றது. வெளியிலிருந்து வரும் இணைப்பும் அவ்வாறே ஓர் எண்ணைப் பெறும். கெர்னலின் கணக்கில் அதுவும் ஒரு கோப்பே. ஒரு ப்ராசஸ் வைத்துக்கொள்ளக்கூடிய எண்களுக்கு இரு வரம்புகள் உள. மென்வரம்பு நடைமுறையில் இருப்பது. வன்வரம்பு அதனை ப்ராசஸ் தானே உயர்த்திக்கொள்ளக்கூடிய உச்சி. மென்வரம்பு வழக்கமாக 1024 ஆகும். 'செலக்ட்' என்னும் பழைய முறை 1023க்கு மேற்பட்ட எண்ணைக் கையாள அறியாது. ஆதலின், 2018இல் வெளிவந்த சிஸ்டம்டி 240ஆம் பதிப்பு வன்வரம்பை 5,24,288 ஆக உயர்த்தியபோதும், மென்வரம்பைத் தொடாமல் விட்டது. பழையனவற்றிற்கு இவ்வளவு மரியாதை காட்டுவது கணினி உலகில் அரிதன்று.

எஞ்சின்எக்ஸ் சர்வர் இடைநின்று வேறொரு புரோகிராமிற்கு வேண்டுகோளை அனுப்புமிடத்து, வருவோர் ஒருவருக்கு இரண்டு எண்கள் செலவாகும்: அவர்பால் ஒன்று, உள்ளிருக்கும் புரோகிராம்பால் ஒன்று. எனவே, வேலைசெய்யும் ப்ராசஸ் ஒன்றில் ஐந்நூறு பேர் திரண்டாலே 1024 தீர்ந்துவிடும். பிழைப் பதிவேட்டில் 24 என்ற எண்ணும், 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்' என்ற வாசகமும் தோன்றும். 'வொர்க்கர் கனெக்ஷன்ஸ்' போதவில்லை என்று எழுதியிருப்பின் அது வேறு; எஞ்சின்எக்ஸ் தனக்குத் தானே விதித்துக்கொண்ட வரம்பு அது.

நிற்க. இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். தமது திரையில் 'யுலிமிட்' என்று கட்டளையிட்டு, 65,535 என்ற விடை கண்டு, குறை வேறெங்கோ உளதென்று தேடப் புறப்படுவர். அவ்விடை அவர்தம் ஷெல்லுக்கு உரியது, சர்வருக்கு உரியதன்று. வரம்புகள் தாய் ப்ராசஸிடமிருந்து சேய்க்கு வழிவழியாக வருவன. 'லிமிட்ஸ்.கான்ஃப்' கோப்பில் எழுதுவது லாகின் செய்து உள்ளே வருவோரையே கட்டும். சிஸ்டம்டி தொடங்கிவைக்கும் சர்வரோ அவ்வாயிலை மிதிப்பதேயில்லை. ஆகையால், 'ப்ராக்' அடைவினுள், அந்த ப்ராசஸின் எண்ணையே பெயராகக் கொண்ட அடைவிலுள்ள 'லிமிட்ஸ்' கோப்பைப் படித்தலே முறை. அங்கே 1024 என்றிருப்பின், சேவைக் கோப்பில் 'லிமிட்நோஃபைல்' மதிப்பை உயர்த்தி, சிஸ்டம்டியை அதனை மறுபடி படிக்கச் செய்து, சர்வரை மீளத் தொடங்குதல் வேண்டும்.

உயர்த்துமுன் ஒன்று பார்க்கத்தக்கது. அதே அடைவிலுள்ள 'எஃப்டி' என்பதில் திறந்திருக்கும் எண்களைப் பகலிலும், கூட்டம் கலைந்த நள்ளிரவிலும் எண்ணுக. கூட்டத்தோடு ஏறி இறங்குமாயின் உயர்த்துதல் தகும். இறங்காது ஏறிக்கொண்டே போகுமாயின், ஏதோ ஒரு புரோகிராம் திறந்ததை மூட மறக்கின்றது. வரம்பை உயர்த்துவது நின்றுபோகும் நாளைத் தள்ளிப்போடுவதேயன்றி வேறில்லை. அந்நிலையில் இணைப்புகள் பல 'க்ளோஸ் வெயிட்' என்று காட்டக்கூடும். எதிர்ப்புறம் விடைபெற்றுச் சென்றபின்னும் இப்புறம் கதவடைக்கவில்லை என்பது அதன் பொருள். அவ்விணைப்புகள் எந்த ப்ராசஸைச் சார்ந்தவை, எந்த முகவரியை நோக்கியவை என்று பார்த்தால், திருத்தவேண்டிய இடம் பெரும்பாலும் அகப்பட்டுவிடும்.