வயோதிகருக்கு ஒரு வேலை

தனிமையும் தேகமும்

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை வட்டாரங்களில் உத்தியோக காலத்தில் மனை வாங்கி வீடு கட்டிக் குடியேறியவர்களில் பலர், பிள்ளைகள் கடல் கடந்து போய்விட, இன்று காலையில் பால் பாக்கெட் எடுக்கத் திறந்த கதவை மறுநாள் காலைவரை வேறொருவருக்காகத் திறக்கும் அவசியமின்றி வாழ்ந்து வருகிறார்கள். இதை வெறும் மனக்குறையென்று தள்ளிவிடலாகாது. ஆண்டுதோறும் உலகில் சுமார் 8,71,000 மரணங்களுக்குத் தனிமை காரணமாகிறதென உலக சுகாதார நிறுவனம் 2025-இல் மதிப்பிட்டது.

ஒரே அடுப்பின் சோறு

1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாகத் தொடங்கிய சத்துணவுத் திட்டம், மறு வருஷம் ஜனவரியில் முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் நீட்டிக்கப்பட்டபோது, பாலர்களும் பாட்டிமார்களும் ஒரே இடத்தில் உண்ணும் அரிய சந்தர்ப்பம் வாய்த்தது. அதை நாம் சோற்றோடு நிறுத்திவிட்டோம் என்பதே என் துக்கம்.

உழைப்பே ஔஷதம்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், அறுபது பிராயம் கடந்தோரை வாரம் 15 மணி நேரம் ஆரம்பப் பள்ளிகளில் அமர்த்திச் சிறுவர்களுக்கு வாசிப்புப் பழக்கிய திட்டத்தை ஆராய்ந்தவர்கள், இரண்டு வருஷ முடிவில், வயதோடு சுருங்கவேண்டிய மூளைப் பகுதிகள் அதில் ஈடுபட்ட ஆண்களிடம் சுருங்காமல் சற்றே வளர்ந்திருக்கக் கண்டார்கள். பெண்களிடம் அப்பலன் அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. நம் அம்பத்தூர்க் கள்ளிக்குப்பத்தின் 'ஆனந்தம்' இல்லத்திலும் முதியோர் அக்கம்பக்கத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறார்கள். "ஏழெட்டு ஐம்பத்துநாலு" என்று பிசகிய பையனை நிறுத்தித் திருத்தும் பெரியவரின் காது, கண், ஞாபகம், பொறுமை அத்தனையும் அக்கணத்தில் உழைக்கின்றன. இதற்கு மாறாக, வருஷத்துக்கொருமுறை மாணவர்கள் பழத்தட்டோடு முதியோர் இல்லத்துக்கு வந்து புகைப்படம் எடுத்துக்கொண்டு போவது, நல்லெண்ணமே ஆயினும், முதியவரைத் தானம் வாங்குபவராகவே நிறுத்திவிடுகிறது.

தொடங்குமுன்

காது மந்தமானவர், கேட்காத வெட்கத்தால் பேச்சையே விட்டுவிடுவார்; ஆதலால் முதியவரைப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல அமர்த்துமுன் முதலில் செவிப் பரிசோதனை. காது மந்தமும் தனித்திருத்தலும் மறதி நோய்க்கு வழிவகுக்கும் காரணங்களில் சேர்ந்தவை. சளி, காய்ச்சல் கண்ட குழந்தையை அன்று அருகே விடலாகாது. சர்க்கரை வியாதியஸ்தர் வெறும் வயிற்றோடு கிளம்பலாகாது.

இவ்வட்டாரத்துத் தலைமையாசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்: உங்கள் தெருவில் ஓய்வுபெற்று உட்கார்ந்திருக்கும் ஆசிரியரையோ குமாஸ்தாவையோ அழைத்து, வாரம் இரண்டு மாலை, ஐந்து குழந்தைகளை அவர் பொறுப்பில் ஒப்படையுங்கள்.