மறுபதிப்பு வந்தால் பழைய புத்தகத்தின் மதிப்புக் குறையுமா?

1970களில் சிறிமாவோ அரசு இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியதும், இலங்கைத் தமிழ் வாசகரின் கதைப் பசிக்கு உள்ளூரிலேயே தீனி தேட வேண்டியதாயிற்று. கொழும்பு கிராண்ட்பாஸிலிருந்து வந்த வீரகேசரி, மலிவு விலை நாவல்களை வரிசையாக வெளியிட்டது. நெடுந்தீவு மீனவர் வாழ்வைச் சொன்ன செங்கை ஆழியானின் ‘வாடைக்காற்று’, வன்னியின் தண்ணிமுறிப்பைக் காட்டிய அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ எல்லாம் அந்த வரிசையில் வந்தவைதான். கைமாறிக் கைமாறி வாசிக்கப்பட்ட அந்தப் பிரதிகள் மலிவுத் தாளில் அச்சானவை. தாள் பழுத்து நொறுங்கியும், கறையானுக்கு இரையாகியும், 1983 கலவரத்திலும் பின்வந்த இடப்பெயர்வுகளிலும் தொலைந்தும் அவை அருகிப் போயின. இன்று முதற்பதிப்பு ஒன்று அகப்பட்டால் சேகரிப்பவர் லேசில் கைவிடமாட்டார்.

அதை அலுமாரியில் பூட்டி வைப்பதைவிட மறுபதிப்புக்குக் கொடுப்பதே அவருக்கும் நல்லது. மறுபதிப்பு வந்தால் அசலின் விலை விழுந்துவிடும் என்ற பயத்துக்கு அமெரிக்காவில் ஒரு பதில் இருக்கிறது. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற கதாபாத்திர விளையாட்டின் முதல் பதிப்பு 1974இல் வெறும் 1,000 பெட்டிகளாகவே வந்தது. 2013இல் உரிமை வைத்திருந்த நிறுவனமே அதை அழகான மரப்பெட்டியில் மறுபடி வெளியிட்டது. ஆனாலும் முதல் அச்சுப் பெட்டி இன்றும் ஆயிரக்கணக்கான டொலருக்கு விலைபோகிறது. விளையாட விரும்பியவர் புதியதை வாங்கினார். அசலைத் தேடியவர் தேடிக்கொண்டேயிருக்கிறார்.

2005இல் தொடங்கிய நூலகம் திட்டம்தான் பழைய ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகத் தருகிறதே, பிறகேன் அச்சு என்று கேட்கலாம். அந்தப் பணி இல்லாவிட்டால் எத்தனையோ தலைப்புகள் பெயரளவிலேயே மிஞ்சியிருக்கும். ஆனால் ஸ்கேன், தேடி வருபவருக்கே பயன்படும். தேடத் தெரியாத இளம் வாசகரிடம் நாவலைக் கொண்டுபோவது புத்தகக் கடைதான். அதோடு, மறுபதிப்புக்காகப் புதிதாகத் தட்டச்சு செய்யும்போது வன்னிப் பேச்சுவழக்கை எழுத்துப்பிழை என்று நினைத்துத் ‘திருத்தி’விடும் ஆபத்து உண்டு. ஸ்கேனில் தையலோரத்து எழுத்துகள் மறைந்திருந்தால் ஊகித்து நிரப்பவும் தோன்றும். அங்கே வரிக்கு வரி ஒப்புநோக்க முதற்பதிப்பு வேண்டும். அப்படிப் பார்த்தால், மறுபதிப்பு வரும்போதுதான் அசலின் அருமையே கூடுகிறது.

மிச்சமிருப்பது உரிமைச் சிக்கல். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள்வரை பதிப்புரிமை நீடிக்கும். 2016இல் மறைந்த செங்கை ஆழியானின் எழுத்துக்கு 2086வரை வாரிசுகளின் சம்மதம் தேவை. பல எழுத்தாளர்களின் குடும்பங்கள் நாடு நாடாகச் சிதறியிருப்பதால் கையெழுத்து வாங்குவது சிரமம்தான். அதற்காகக் கேட்காமல் அச்சடித்தால் விஷயம் புதுக்கடைக் கோட்டுப் படியேறும். நூறு பிரதிகூடக் கட்டுப்படியாகும் டிஜிட்டல் அச்சு வந்துவிட்ட பிறகு, பெருந்தடை காசல்ல. பிரதியைத் தர மனமுள்ள சேகரிப்பாளரும், வாரிசைத் தேடிப் பிடிக்கும் பதிப்பாளரும் ஒன்றுசேர்ந்தால் போதும்.