பழைய மெஷின் வாங்கலாமா?

பெங்களூருவில் பீன்யா என்ற தொழிற்பேட்டை இருக்கிறது. குஜராத்தில் ராஜ்கோட் என்ற நகரம் இருக்கிறது. இரண்டு இடங்களிலும் சிறு பட்டறைகள் ஏராளம். இரும்பைக் கடைந்து, துளை போட்டு, பலர் பிழைக்கிறார்கள்.

பெரிய வேலை பிடிக்கப் பெரிய மெஷின் வேண்டும். புதிதாக வாங்கினால் விலை கோடிக்கணக்கில் போகும். அதனால் சிலர் பழைய மெஷினைத் தேடுகிறார்கள். ஐந்து அச்சு மெஷின் அப்படி ஒன்று.

ஐந்து அச்சு என்றால் என்ன?

இந்த மெஷின் ஐந்து விதமாக அசையும். இடம் வலம், மேல் கீழ், முன் பின். இவை மூன்று. இவற்றோடு இரண்டு விதமாகத் திரும்பவும் செய்யும்.

வெட்டப்படும் பொருளை 'ஜாப்' என்பார்கள். சாதாரண மெஷினில் ஒரு பக்கம் முடிந்ததும் ஜாப்பைக் கழற்றி, திருப்பி மாட்ட வேண்டும். மாட்டும்போதெல்லாம் சிறு பிசகு சேரும். இந்த மெஷினில் ஒரு முறை மாட்டினால் பல பக்கங்களை வெட்டலாம்.

வெட்டும் கருவியைச் சுழற்றும் தண்டுக்கு ஸ்பிண்டில் என்று பெயர். சில ஐந்து அச்சு மெஷின்களில் ஸ்பிண்டில் படுத்த நிலையில் இருக்கும். அதனால் இரும்புத் துகள்கள் தேங்காமல் கீழே விழும்.

துல்லியம் எவ்வளவு?

ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஒரு மைக்ரான். தலைமுடியின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். துல்லியமான வேலையில் 10 மைக்ரான் தவறினாலும் ஜாப் வீணாகலாம். சூடு கூட அளவை மாற்றும். ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூடு ஏறினால் சுமார் 12 மைக்ரான் நீளும்.

எதைப் பார்க்க வேண்டும்?

மாடு வாங்குபவர் பல்லைப் பார்ப்பார். நடக்கவிட்டுப் பார்ப்பார். மெஷினையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். புதுப் பெயிண்டைக் கண்டு ஏமாறக் கூடாது.

1. மெஷினை வெகுநேரம் ஓடவிட வேண்டும். ஸ்பிண்டில் அதிகம் சூடாகிறதா? இரைச்சல் வருகிறதா?

2. டயல் கேஜ் வைத்து ஸ்பிண்டிலின் ஆட்டத்தை அளக்க வேண்டும். திரும்பும் மேசையையும் சோதிக்க வேண்டும்.

3. ஒரு ஜாப்பை வெட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். அதை அளந்து பார்க்க வேண்டும்.

4. மெஷினை இயக்கும் கன்ட்ரோலருக்கு உதிரி பாகம் கிடைக்குமா என்று விசாரிக்க வேண்டும்.

இவை தெரிந்த மெக்கானிக்கை உடன் அழைத்துப் போவது நல்லது.

கணக்குப் போடுங்கள்

மெஷின் பல டன் எடை இருக்கும். கிரேன் கூலி, லாரி வாடகை, கான்கிரீட் அடித்தளம், புது இடத்தில் மட்டம் பார்த்து அளவு சரிசெய்யும் செலவு ஆகியவை உண்டு. விலையோடு இவற்றையும் கூட்ட வேண்டும். கடன் வாங்கினால் வட்டியும் சேரும். மெஷின் பழுதாகி நிற்கலாம். வட்டி நிற்காது.

விற்பவர் வாயால் சொல்வது போதாது. என்ன சோதனை நடந்தது, எந்தப் பாகத்துக்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் தாளில் இருக்க வேண்டும். அதை முழுவதும் படித்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.